விக்டோரியா காலத்து ஆங்கிலக் கிராமத்தை வீடு வீடாகப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

விக்டோரியா அரசி 1837 ஜூன் முதல் 1901 ஜனவரி வரை ஆண்டார். அவர் காலத்தில் 1841இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆறு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் நடந்தன. அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து இன்னொன்று நடந்தது. ஒரு குறிப்பிட்ட ஞாயிறு இரவில் ஒவ்வொரு கூரையின் கீழும் யார் தூங்கினார், வயது என்ன, என்ன வேலை செய்தார், எங்கே பிறந்தார் என்று எழுதிய ஏடுகள் பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றன. எல்லாம் படமாகி இணையத்துக்கு வந்துவிட்டன. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்தபடியே, நார்ஃபோக் கிராமம் ஒன்றில் 1861இல் கொல்லர் பட்டறைக்கு அடுத்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களை மொழிபெயர்ப்பவர்கள், வரலாறு படிக்கும் மாணவர்கள், இங்கிலாந்தின் ஊர்ப்புறத்தில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேலை சிக்கலானது அல்ல, பொறுமைதான் வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தொழில் பத்தியில் இருப்பதை மட்டும் எண்ணிக் கூட்டினால், கிராமத்தில் பாதிப் பேர் வேலை செய்யாமல் இருந்ததாகக் கணக்கு வரும். அது உண்மை அல்ல. தனி ஆளை அல்ல, குடித்தனத்தை அலகாக வைத்துப் படிக்க வேண்டும். அதற்கான வழிதான் கீழே இருப்பது.

முதல் படி: கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள்

நானூறு, ஐந்நூறு பேர் இருந்த ஊராகப் பாருங்கள். அதைவிடப் பெரியதென்றால் களைத்துப்போவீர்கள், ரொம்பச் சிறியதென்றால் ஒரு குடும்பம் ஊர் மாறினாலே கணக்கு புரண்டுவிடும். ஒவ்வொரு பாரிஷிலும் எந்தப் பத்தாண்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் ‘எ விஷன் ஆஃப் பிரிட்டன்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் பகுதி. ஒரே பாரிஷில் இரண்டு மூன்று குக்கிராமங்கள் இருப்பது சகஜம் என்பதால், நீங்கள் தேடுவது பாரிஷா, அதற்குள் இருக்கும் ஊரா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நிலம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். முழுக் கிராமமும் ஒரே நிலப்பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தால் அதை ‘மூடிய’ கிராமம் என்பார்கள், பல சிறு உடைமையாளர்கள் இருந்தால் ‘திறந்த’ கிராமம். இந்த வேறுபாடு குடித்தனங்களின் அமைப்பையே மாற்றிவிடும். 1865இல் சட்டம் மாறும்வரை அந்தந்த பாரிஷின் ஏழைகளுக்கு ஆகும் செலவை அந்தந்த பாரிஷே ஏற்க வேண்டியிருந்தது. அதனால் பல நிலப்பிரபுக்கள் தங்கள் ஊரில் கூலிக் குடும்பங்களுக்கு வீடு கட்டித்தரவில்லை, இருந்த குடிசைகளையும் இடித்தார்கள். கூலிகள் பக்கத்துத் திறந்த கிராமத்தில் நெருக்கியடித்துக் குடியிருந்து, தினமும் மைல் கணக்கில் நடந்து வேலைக்குப் போனார்கள். நார்ஃபோக்கின் காசில் ஏக்கர் அப்படி நிரம்பி வழிந்த திறந்த கிராமங்களுக்குப் பேர்போன உதாரணம். பெண்களையும் பிள்ளைகளையும் கும்பலாகச் சேர்த்துப் பக்கத்துப் பண்ணைகளுக்கு ஓட்டிச் செல்லும் மேஸ்திரிமுறை அங்கே வேரூன்றியிருந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இந்தக் கும்பல்களில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 1867இல்தான்.

ஆகவே உங்கள் ஊரில் பண்ணைகள் நிறைய இருந்து கூலிகள் குறைவாக இருந்தால், ஏடு தவறு என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஊர் ஏட்டையும் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 1851 அல்லது 1881 என்பேன். 1841 பழையது என்பதால் பலர் அங்கேயே தொடங்கிக் குழம்புகிறார்கள். அந்த ஆண்டுக் கணக்கில் யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தியே கிடையாது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதன்படி 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த ஊர் இருக்காது, இதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டும் இருக்கும். பென்சிலில் எழுதியதால் பல பக்கங்கள் மங்கிக் கிடக்கின்றன.

1851இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, சரியான வயது, பிறந்த பாரிஷ் எல்லாம் வந்துவிட்டன. விவசாயிகள் எத்தனை ஏக்கர் சாகுபடி செய்கிறார்கள், எத்தனை ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதச் சொன்னார்கள். 1891இல் ஐந்துக்குக் குறைவான அறைகள் உள்ள வீடென்றால் எத்தனை அறை என்று எழுத வேண்டும். முதலாளியா, வேலைக்காரரா, இரண்டும் இல்லாமல் சொந்தமாகச் செய்பவரா என்பதற்கும் தனிப் பத்திகள் வந்தன. குடிசையில் எட்டுப் பேர், அறை இரண்டு என்று அந்த ஏட்டில் பார்க்கும்போது நமக்கே மூச்சு முட்டும்.

கணக்கெடுத்த தேதியையும் கவனியுங்கள். 1841இல் ஜூன் 6. அது தீவனப்புல் அறுக்கும் பருவம் என்பதால், வெளியூரிலிருந்து வந்த கூலிகள் களஞ்சியத்தில் படுத்திருந்தால் அவர்களும் அந்த ஊர்க் கணக்கில் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கணக்கெடுப்பும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ நடந்தது. 1851இல் அது மார்ச் 30. அன்று மதரிங் சண்டே, வேலைக்குப் போன பிள்ளைகள் தாய் வீட்டுக்கு வந்துபோகும் நாள். அதனால் அந்த ஆண்டு ஏட்டில் வீட்டு வேலைக்காரி என்று தொழில் எழுதிய பதினேழு வயதுப் பெண் கூலிக்காரர் குடிசையில் மகளாக இருந்தால், அவள் அங்கேயே வசித்தாள் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: பக்கங்களைக் கையில் எடுங்கள்

மூல ஏடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1841, 1851 ஏடுகளுக்கு எச்.ஓ. 107 என்று வரிசை எண். 1861 ஆர்.ஜி. 9, 1871 ஆர்.ஜி. 10, 1881 ஆர்.ஜி. 11, 1891 ஆர்.ஜி. 12, 1901 ஆர்.ஜி. 13. இந்த எண்ணும், கட்டு எண், தாள் எண், பக்க எண் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பதிவின் முகவரி. தாள் எண் முன்பக்க மூலையில் மட்டும் முத்திரையாக இருக்கும், அந்தத் தாளின் பின்பக்கத்துக்கும் அதே எண்தான். எடுத்த எடுப்பில் இதையெல்லாம் குறித்து வையுங்கள். பிறகு தேடுவது பெரும்பாடு.

1881 கணக்கின் முழுப் பெயர்ப்பட்டியலும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீசென் தளத்திலும் பல கவுண்டிகள் உள்ளன. ஏட்டின் படத்தைப் பார்க்க ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் இவை இலவசம். தட்டச்சு செய்த பட்டியலோடு நிற்காமல் எப்போதும் படத்தையும் பாருங்கள். ஊர்ப்பெயர்களைத் தவறாகப் படித்துத் தட்டச்சு செய்திருப்பது அடிக்கடி நடப்பது.

ஒவ்வொரு ஏட்டின் முதல் பக்கங்களிலும் கணக்கெடுப்பாளர் தன் வட்டாரத்தின் எல்லையை விவரித்திருப்பார். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘தேவாலயத்தில் தொடங்கி, ஆலைத் தெருவின் இரு பக்கமும், பின்பு பொதுநிலத்தை ஒட்டிய குடிசைகள்’ என்ற ரீதியில் இருக்கும் அந்தக் குறிப்புதான் ஊருக்குள் நடக்க உங்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டி.

நான்காம் படி: இந்தத் தாளை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணக்கெடுப்பாளர் சில நாள் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுப்பார். ஞாயிறு இரவு வீட்டில் தங்கியவர்களைக் குடும்பத் தலைவர் அதில் எழுத வேண்டும். திங்களன்று கணக்கெடுப்பாளர் வந்து வாங்கிக்கொள்வார். எழுதத் தெரியாதவர் வீட்டில் வாசலில் நின்று கேட்டு அவரே எழுதுவார். பிறகு எல்லாவற்றையும் ஏட்டில் பார்த்து எழுதி மேலே அனுப்புவார். நம்மிடம் இருப்பது அந்தப் பிரதிதான். வீட்டார் கையால் எழுதிய படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1911 முதல்தான் அவை காப்பாற்றப்பட்டன.

ஆக, குடிசையில் இருந்த பெண் சொன்னதற்கும் நாம் படிப்பதற்கும் நடுவே குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அவள் கணவர், இன்னொருவர் கணக்கெடுப்பாளர். கிராமங்களில் பள்ளி ஆசிரியரோ, விவசாயியோ, தேவாலய எழுத்தரோ இந்த வேலையைச் செய்தார்கள். 1891 வரை ஆண்கள் மட்டுமே. எது ‘தொழில்’, எது சும்மா வீட்டு வேலை என்பதை இவர்கள்தான் தீர்மானித்தார்கள். இதை மறக்கவே கூடாது.

எழுத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தால், அவை லண்டன் அலுவலகத்தில் எண்ணிக் கூட்டிய எழுத்தர்கள் போட்டவை. அடித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வீடு வேறு, குடித்தனம் வேறு

ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம் இருப்பது அங்கேயும் சாதாரணம். ‘தலைவர்’ என்று உறவுப் பத்தியில் வந்தால் புதுக் குடித்தனம் தொடங்குகிறது. பெயர்களின் அருகே இரட்டைச் சாய்கோடு இருந்தால் கட்டடம் முடிந்தது, ஒற்றைச் சாய்கோடு இருந்தால் அதே கட்டடத்தில் ஒரு குடித்தனம் முடிந்தது. 1851இல் மட்டும் சாய்கோட்டுக்குப் பதில் குறுக்குக் கோடு போட்டார்கள். இடது ஓரத்தில் உள்ள எண் படிவத்தின் எண். அதை வீட்டுக் கதவிலக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிராமத்தில் கதவிலக்கம் என்ற ஒன்றே அநேகமாக இருந்ததில்லை.

கூட்டுக்குடும்பத்தை எதிர்பார்த்துப் போகும் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். பெரும்பாலான குடித்தனங்களில் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டுமே. கல்யாணமான மகன் அப்பா வீட்டிலேயே மனைவியோடு இருப்பது குறைவு. தொழில் புரட்சிதான் கூட்டுக்குடும்பத்தை உடைத்தது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வரலாற்றாய்வாளர் பீட்டர் லாஸ்லெட் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களோடு பழைய ஊர்ப்பட்டியல்களை எண்ணிப் பார்த்து, இங்கிலாந்தில் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே குடும்பங்கள் சிறியவைதான், சராசரியாக ஐந்து பேருக்கும் கொஞ்சம் குறைவு என்று காட்டினார்.

உறவுச் சொற்களில் ஒரு பொறி உண்டு. மருமகன் (சன்-இன்-லா) என்று எழுதியிருக்கும் எட்டு வயதுப் பையன், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாக இருப்பான். அந்தக் காலத்தில் இரண்டு உறவுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள். ‘பேரன்’ என்று ஒரு குழந்தை இருந்து, வீட்டில் மணமான மகனோ மகளோ இல்லையென்றால், மணமாகாத மகளின் வயதைப் பாருங்கள். சில வீடுகளில் அந்தக் குழந்தையைத் தாத்தா பாட்டியே தங்கள் சொந்த மகனாக எழுதியிருப்பார்கள். ஐம்பது வயதுத் தாய்க்கு ஒரு வயதுக் குழந்தை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: எக்செல்லில் ஏற்றுங்கள்

ஒரு வரிக்கு ஓர் ஆள். ஏட்டு முகவரி, குடித்தன எண், பெயர், உறவு, மணநிலை, வயது, பால், தொழில், பிறந்த ஊர் என்று பத்திகள் போதும். தொழிலை ஏட்டில் இருக்கும்படியே ஒரு பத்தியிலும், நீங்கள் வகைப்படுத்தியதைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். மூலத்தைத் திருத்தவே வேண்டாம். காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், ‘இல்லத்தரசி’ என்று நிரப்பாதீர்கள்.

ஏழாம் படி: தொழில்களைப் பிரியுங்கள்

தெற்கு, கிழக்கு இங்கிலாந்தின் தானிய வட்டாரங்களில் அடிக்கடி வரும் பதிவு ‘அக் லேப்’. விவசாயக் கூலி என்பதன் சுருக்கம். அந்த இரண்டு சொல்லுக்குள் வேலி பின்னுபவர், கால்வாய் வெட்டுபவர், பனிக்காலத்தில் கதிரடிப்பவர், வேலையே கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவர் எல்லோரும் அடக்கம். ஆடு மேய்ப்பவர், குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர், மாடு பார்ப்பவர் என்று தனியாக எழுதியிருந்தால் அவர்கள் ஒரு படி மேலே, ஏனென்றால் ஆண்டு முழுக்க வேலை நிச்சயம். கூலியோ மழை வந்தால் சம்பளமில்லாமல் வீடு திரும்ப வேண்டும்.

சம்பளம் ஏட்டில் இருக்காது. 1850-51இல் வேளாண்மை பற்றி எழுதிய ஜேம்ஸ் கேர்ட் கவுண்டி கவுண்டியாகச் சுற்றி எடுத்த கணக்குப்படி சராசரி வாரக்கூலி 9 ஷில்லிங் 6 பென்ஸ். வடக்கே 11 ஷில்லிங் 6 பென்ஸ், தெற்கே 8 ஷில்லிங் 5 பென்ஸ். தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் ஆட்களை இழுத்த வடக்கில் பண்ணைக்காரர் கூடக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பது அடுப்பில் என்ன வெந்தது என்பதையே தீர்மானிக்கும்.

வடக்கிலும் யார்க்‌ஷயரின் கிழக்குப் பகுதியிலும் இன்னொரு வகையினர் வருவார்கள். பண்ணை வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு, ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் மணமாகாத இளைஞர்கள். பதினான்கு வயது வாக்கில் சேர்வார்கள், கல்யாணம் ஆனதும் வெளியேறிக் கூலிக்காரர் ஆவார்கள். ஆண்டுக்கொரு முறை ஆள் எடுக்கும் சந்தையில் நின்று புது எஜமானரைப் பிடிப்பார்கள். அதனால் பத்தாண்டு கழித்து அதே பண்ணையில் அதே பையனைத் தேடினால் கிடைக்க மாட்டான்.

அடுத்து விவசாயிகள். ‘200 ஏக்கர், 8 ஆள், 3 பையன்’ என்ற மாதிரி பதிவுகளைத் தனியே எடுத்து, அவர்கள் சொன்ன ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஊரில் உள்ள கூலிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், கூலிகள் வெளியே போனார்களா, வெளியிலிருந்து வந்தார்களா என்று தெரிந்துவிடும். இந்தச் சின்னக் கணக்கு கொடுக்கும் வெளிச்சம் வேறு எதிலும் கிடைக்காது.

பிறகு கைவினைஞர்கள். கொல்லர், தச்சர், வண்டிச் சக்கரம் செய்பவர், செருப்பு தைப்பவர், கூரை வேய்பவர், கொத்தனார், மாவு ஆலைக்காரர், தையற்காரர். பலருக்கு இரண்டு தொழில் இருந்தது. மதுக்கடை நடத்திய தச்சர், சிறிது நிலம் உழுத கொல்லர், வாரத்தில் ஒருநாள் சந்தை நகரத்துக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிச் சென்ற மளிகைக்காரர் என்று வருவார்கள். 1881, 1891 ஏடுகளில் செருப்பு தைப்பவர்கள் குறைந்திருப்பார்கள், நகரத்துத் தொழிற்சாலைச் செருப்பு வந்துவிட்டது. கூடவே ரயில்பாதைக் கூலி, போலீஸ்காரர், தபால் நிலையம் நடத்துபவர், மாணவ ஆசிரியை என்று புது ஆட்கள் முளைத்திருப்பார்கள்.

எட்டாம் படி: காலிப் பத்தியைப் படியுங்கள்

மொத்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மணமான பெண்களின் தொழில் பத்தி பெரும்பாலும் காலி. ஆனால் அதே ஊரின் பண்ணைக் கணக்குப் புத்தகம் எங்காவது தப்பியிருந்தால், களை எடுத்ததற்கும், வயலில் கல் பொறுக்கியதற்கும், டர்னிப் கொத்தியதற்கும் அதே பெண்களுக்குக் கூலி கொடுத்த பதிவு இருக்கும். பருவ வேலை, பகுதி நேர வேலை என்பதால் கணவரோ கணக்கெடுப்பாளரோ அதைத் தொழிலாக மதிக்கவில்லை. மார்ச் மாதக் கணக்கில் ஆகஸ்ட் அறுவடைக்கும், கென்ட் பக்கம் செப்டம்பரில் பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பறிப்பதற்கும் இடமே இல்லை.

அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் சிந்திய கதிர் பொறுக்குவார்கள். சில ஊர்களில் அதற்குத் தேவாலய மணி அடிக்கும், மணி அடிக்கும் முன் யாரும் வயலில் இறங்கக் கூடாது. அப்படிச் சேர்த்த கோதுமையை ஆலைக்காரரிடம் கொடுத்து அரைத்தால் குடும்பத்துக்குப் பல வாரத்து ரொட்டி கிடைக்கும். கொல்லையில் வளர்த்த பன்றி, வாடகைக்கு எடுத்த காய்கறித் துண்டு நிலம் எதுவும் ஏட்டில் வராது.

அரசு அச்சிட்ட தொகுப்புப் புத்தகங்கள் இன்னும் குழப்புபவை. 1851 முதல் 1871 வரை விவசாயியின் மனைவி, கடைக்காரரின் மனைவி, செருப்பு தைப்பவரின் மனைவி ஆகியோரைக் கணவரின் தொழிலோடு சேர்த்து எண்ணினார்கள். 1881இல் விதியை மாற்றி அவர்களைத் தொழிலற்றவர்கள் ஆக்கினார்கள். பெண்கள் திடீரென்று வேலையை விட்டுவிட்டார்கள் என்று அந்த எண்களைப் பார்த்து யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வெண்ணெய் கடைந்தவளும் கல்லாவில் நின்றவளும் அதே இடத்தில்தான் இருந்தார்கள்.

பெண்களின் தொழில் முறையாகப் பதிவான வட்டாரங்களும் உண்டு. பெட்ஃபோர்ட்‌ஷயர், பக்கிங்ஹாம்‌ஷயர், நார்த்தாம்ப்டன்‌ஷயர் கிராமங்களில் லேஸ் பின்னுதல், பெட்ஃபோர்ட்‌ஷயர், ஹார்ட்ஃபோர்ட்‌ஷயரில் லூட்டன் தொப்பித் தொழிலுக்காக வைக்கோல் பின்னுதல், ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரின் வுட்ஸ்டாக் பக்கம் கையுறை தைத்தல். லேஸ் பின்னுபவர்கள் மாலையில் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்வார்கள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள் அந்த ஒரு சுடரின் ஒளியைக் குவித்து ஆளுக்கொரு வெளிச்சப் பொட்டாக மடியில் இருந்த திண்டின் மேல் விழவைக்கும். அந்தப் பொட்டுக்குள்தான் நூல் ஓடும். வைக்கோல் பின்னல் பள்ளி என்ற பெயரில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் வைக்கோலை வாயில் வைத்து ஈரப்படுத்திப் பின்னிக்கொண்டிருந்தார்கள். 1870களிலிருந்து சீனாவிலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து குவிந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. உங்கள் ஊர் ஏட்டில் 1871க்கும் 1901க்கும் நடுவே அந்தச் சரிவு பக்கம் பக்கமாகத் தெரியும்.

இன்னொன்று, ‘மாணவர்’ என்ற சொல். பிள்ளை தினமும் பள்ளிக்குப் போனான் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. 1880இல்தான் பத்து வயதுவரை பள்ளி கட்டாயமானது. அதுவரை விதைப்புக் காலத்தில் காக்கை விரட்டவும், அறுவடையில் கதிர் பொறுக்கவும் வகுப்புகள் காலியாகின.

ஒரு குடித்தனத்தைப் படித்துப் பார்ப்போம்

கீழே உள்ளது 1851 பெட்ஃபோர்ட்‌ஷயர் பாணியில் நான் அமைத்த மாதிரி. தலைவர் 38, விவசாயக் கூலி. மனைவி 36, லேஸ் பின்னுபவர். மகள் 13, லேஸ் பின்னுபவர். மகன் 11, விவசாயக் கூலி. மகன் 8, மாணவர். மகள் 6, லேஸ் பின்னுபவர். தலைவரின் தாய் 71, விதவை, ஏழை, முன்பு லேஸ் பின்னியவர். வாடகைக்குத் தங்கியவர் 24, விவசாயக் கூலி.

தலைவரின் வாரக்கூலி எட்டு ஒன்பது ஷில்லிங். எட்டு வாய்க்கு அது போதாது. பதினொரு வயது மகன் அதோடு கொஞ்சம் சேர்க்கிறான். மூன்று பெண்களின் லேஸ், வியாபாரி வந்து வாங்கும்போது காசாகிறது. அந்தக் காசு பெரும்பாலும் வீட்டு வாடகைக்கோ செருப்புக்கோ போயிருக்கும். தாய்க்கு ‘ஏழை’ என்று போட்டிருப்பதால், ஏழையர் சட்ட நிர்வாகத்திடமிருந்து வீட்டில் இருந்தபடியே சிறு உதவித்தொகையோ ரொட்டியோ வாங்குகிறார் என்று கொள்ளலாம். 1834 ஏழையர் சட்டத்துக்குப் பிறகும் முதியவர்கள் எல்லோரையும் ஏழையர் விடுதிக்கு அனுப்பிவிடவில்லை. அவர் இங்கே இருப்பதால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, மருமகளும் திண்டின் முன் உட்கார முடிகிறது. தங்கியிருப்பவர் தரும் வாடகை இன்னொரு வரவு, படுக்க இடம்தான் இன்னும் குறுகும்.

இப்போது காணாமல்போனவரைத் தேடுங்கள். 38 வயது அப்பாவுக்கு 15, 16 வயதில் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். பக்கத்துப் பண்ணை, போதகர் வீடு, அருகிலுள்ள நகரம் என்று வேலைக்காரர் பட்டியலில் அதே குடும்பப் பெயரும் அதே பிறந்த ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காலத்தில் பெண்களுக்கு மிகப் பெரிய வேலைவாய்ப்பு வீட்டு வேலைதான், கூலிக்காரர் மகள்கள் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே அதற்குப் போனார்கள். குடித்தனம் அந்த ஒரு கூரையோடு முடிந்துவிடவில்லை.

ஒன்பதாம் படி: மற்ற ஆவணங்களோடு பொருத்துங்கள்

தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வரி. 1836 தசமபாகச் சட்டத்தை ஒட்டி வரைந்த வரைபடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் வீட்டுக்கும் எண் உண்டு. கூடவே உள்ள பட்டியல் உடைமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்று சொல்லும். 1841 அல்லது 1851 ஏட்டோடு இதை வைத்துப் பார்த்தால் பெயர்களுக்கு இடம் கிடைத்துவிடும். எல்லா ஊருக்கும் இது கிடையாது. பொதுநிலங்களை வேலியடைத்தபோதே தசமபாகத்தைத் தீர்த்துக்கொண்ட பாரிஷ்களுக்குப் பெரும்பாலும் வரைபடம் இருக்காது. அப்படியானால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கான ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசமாக உள்ளன. ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த வரைபடத்தில் கிணறுகூடக் குறித்திருக்கும்.

1813 முதல் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் தொழில் இருக்கும். ஒருவருக்கு ஆறு பிள்ளைகள் என்றால் பதினைந்து ஆண்டுகளில் அவர் தொழில் எப்படி மாறியது என்று ஆறு இடத்தில் தெரியும். கெல்லி, வைட் போன்ற வணிகக் கையேடுகள் விவசாயிகளையும் கடைக்காரர்களையும் பட்டியலிடும். லெஸ்டர் பல்கலைக்கழகம் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் கூலிக்காரர்கள் பெயர் வராது. ஊரின் பெரும்பான்மை இல்லாத பட்டியல் என்பதை நினைவில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

பத்தாம் படி: அடுத்த பத்தாண்டுக்கு நகருங்கள்

ஒரு கணக்கை முடித்ததும் பத்தாண்டு முன்னோ பின்னோ போய்க் குடித்தனங்களை இணையுங்கள். பெயரோடு, வயதும் பிறந்த ஊரும் மனைவி பிள்ளைகளின் பெயரும் பொருந்தினால்தான் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் கிராமங்கள் உண்டு.

1871க்கும் 1881க்கும் நடுவே உள்ள மாற்றத்தை நிதானமாகப் பாருங்கள். 1872 பிப்ரவரி 7 அன்று வாரிக்‌ஷயரின் வெல்ஸ்போர்ன் கிராமத்தில், பக்கத்து பார்ஃபோர்டைச் சேர்ந்த வேலி வெட்டும் தொழிலாளி ஜோசஃப் ஆர்ச், ஒரு மரத்தடியில் நின்று விவசாயக் கூலிகளிடம் பேசினார். அந்த ஆண்டு மே மாதமே தேசிய விவசாயக் கூலிகள் சங்கம் உருவானது, 1885இல் ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஏட்டில் ‘அக் லேப்’ என்று இரண்டு சொல்லில் அடங்கிப்போனவர்கள் கூடி நின்று கூலி கேட்ட காலம் அது. ஆனால் அதே பத்தாண்டில் அமெரிக்கத் தானியம் வந்து விலை சரிந்தது, 1879இல் மழை விளைச்சலைக் கெடுத்தது. உழுத வயல்கள் பல புல்வெளி ஆயின, புல்வெளிக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை.

உங்கள் எக்செல்லில் அது எப்படித் தெரியும் என்றால், 1871இல் இருபது வயதுக்குக் கீழே இருந்த பையன்களையும் பெண்களையும் 1881இல் அதே ஊரில் தேடுங்கள். கிடைக்காதவர்களை ஃபேமிலிசர்ச்சின் 1881 பட்டியலில் பிறந்த ஊரை வைத்துத் தேடுங்கள். லண்டன் வீடுகளில் வேலைக்காரியாக, பர்மிங்ஹாம் ரயில் நிலையத்தில் சுமைகூலியாக, டர்ஹாம் சுரங்கத்தில் என்று ஒவ்வொருவராகக் கிடைப்பார்கள். எங்கேயும் கிடைக்காதவர்களுக்கு இறப்புப் பதிவையும், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன கப்பல் பயணிகள் பட்டியலையும் பாருங்கள். பெண்களைத் தேடும்போது மணப்பதிவேட்டை முதலில் பார்த்துக் கணவரின் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாததால்தான் பலருடைய ஊர்ப்பட்டியலில் பெண்கள் எல்லோரும் இருபது வயதோடு காணாமல்போகிறார்கள்.